கூடாரத்துக்குள் எத்தனை கிளை விடலாம்? – வாசகர் கேள்வி பதில்

பெரும்போகம் நெருங்கும்போது பொலித்தீன் கூடாரம், வலைக்கூடாரம் பற்றிய கடிதங்கள் கூடிவிடும். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைத்தான் சுற்றுகின்றன: எந்த இனத்தை எப்படிக் கட்டி ஏற்றுவது, எதைக் கிள்ளுவது, எதை விடுவது. கூடாரச் செய்கைப் பழக்கங்களில் பல மலைநாட்டிலிருந்து வந்தவை. நுவரெலியாவின் குளிருக்குச் சரியான முறை வன்னியின் வெயிலில் பயிரை வாட்டுகிறது. அதனால் பதில்களில் வேண்டுமென்றே வன்னிக்கான அளவுகளைத் தந்திருக்கிறோம்.

கேள்வி: குடைமிளகாயைப் பயிற்சியில் சொல்லித் தந்தபடி இரண்டு தண்டு விட்டு, மற்றக் கிளை எல்லாத்தையும் கிள்ளி, கயிற்றில் ஏற்றினோம். செடி நல்லாக வந்தது. மாசி கடைசியிலிருந்து காயில் வெள்ளைக் கடதாசி போல ஒரு பக்கம் வெந்து, பிறகு கறுத்து அழுகுது. மருந்து அடித்தும் நிற்கவில்லை. – தர்மபுரம் வாசகி

பதில்: மருந்தை நிறுத்துங்கள். இது நோயல்ல, வெயில் சுட்ட காயம். வெந்த இடத்தில் பிறகு வந்து குடியேறும் பூஞ்சணத்தைத்தான் கறுப்பாகக் காண்கிறீர்கள். அடையாளம் காண்பது சுலபம். காயின் வெயில் படும் பக்கத்தில் மட்டும் இருந்தால் வெயிற்சூடு. காயின் அடி நுனியில் தட்டையாகக் கறுத்தால் அது நீரும் கல்சியமும் ஒழுங்காகப் போய்ச் சேராததால் வரும் நுனி அழுகல்.

இரண்டு தண்டு முறையில் குறையில்லை, அது பிறந்த இடம் வேறு. வெளிச்சம் குறைந்த, குளிர்ந்த இடத்தில் ஒவ்வொரு காய்க்கும் வெயில் காட்ட வேண்டும் என்பதற்காக இலையைக் குறைக்கிறார்கள். வன்னியில் ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும், ஓகஸ்ட் இறுதியில் மறுபடியும் வரும். அந்த நேரத்தில் காய்க்கு மேலே இரண்டு அடுக்கு இலையாவது குடை பிடிக்க வேண்டும்.

அடுத்த முறைக்கு இரண்டு வழி உண்டு. நான்கு தண்டு விடுவது முதல் வழி. நாற்று 8 முதல் 12 இலை வந்ததும் தானாகவே இரண்டாகவோ மூன்றாகவோ கவராகும். அந்தக் கவரில் வரும் முதற் பூவைக் கிள்ளிவிடுங்கள். அதை விட்டால் செடி சிறியதாக இருக்கும்போதே ஒரு பெரிய காய் தொங்கி, மேல் வளர்ச்சி நின்றுவிடும். அடுத்த கவரில் வருவதில் பலமான நான்கைத் தெரிந்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கயிற்றில் ஏற்றுங்கள். பக்கத்தில் வரும் சிறு கிளையை அடியோடு கிள்ளாமல் இரண்டு இலை விட்டு நுனியைக் கிள்ளுங்கள். அந்த இரண்டு இலைதான் காய்க்குக் குடை. செடிக்குச் செடி 45 சென்ரிமீற்றர், வரிசைக்கு வரிசை 120 சென்ரிமீற்றர் விடுங்கள்.

இரண்டாவது வழியை ஸ்பானிய முறை என்பார்கள். வன்னிச் சிறு கூடாரங்களுக்கு இதையே நாங்கள் முதலில் சொல்வோம், ஏனென்றால் கிள்ளும் வேலையே இல்லை. வரிசையின் இரு பக்கமும் 2 மீற்றருக்கு ஒரு கம்பம் நட்டு, நிலத்திலிருந்து 30 சென்ரிமீற்றர் உயரத்தில் வரிசையின் இந்தப் பக்கம் ஒரு நைலோன் கயிறு, அந்தப் பக்கம் ஒன்று. செடி உயர உயர 20 முதல் 25 சென்ரிமீற்றருக்கு ஒரு சோடிக் கயிறு கூட்டிக்கொண்டே போக வேண்டும். கிளைகள் இரண்டு கயிற்றுக்கும் நடுவில் தாமாகவே நிற்கும். காய் ஒரு சுற்றுச் சிறியதாக வரும், ஆனால் வெந்து கழிவது வெகுவாகக் குறையும். கயிற்றைப் பிந்திக் கட்டுவதுதான் இதில் நடக்கும் பிழை. கிளை வெளியே சாய்ந்த பிறகு உள்ளே தள்ளினால் கவர் பிளந்துவிடும், மிளகாய்க் கிளை அவ்வளவு முறிவானது.

கறிமிளகாய்க்கு இந்தப் பாடு எதுவும் வேண்டாம். சீ.ஏ.-8, ஹங்கேரியன் யெலோ வக்ஸ் போன்றவை குட்டையாகத் தாமே கிளைக்கும் இனங்கள். கவருக்குக் கீழே தண்டில் வரும் அரும்புகளை மட்டும் எடுத்து, ஒரு சோடிக் கயிறு கட்டினால் போதும். அவற்றில் போய் இரண்டு தண்டு விட்டுக் கிள்ளுபவர்கள் பாதி விளைச்சலைக் கிள்ளி எறிகிறார்கள்.

இப்போது நிற்கும் செடிக்கு என்ன செய்யலாம்? கூரைக்கு மேலே 35 வீத நிழல்வலை போடுங்கள். கூரைப் பொலித்தீனுக்கும் வலைக்கும் நடுவில் 30 சென்ரிமீற்றர் இடைவெளி இருக்கட்டும். உள்ளே கட்டினால் வலை குடிக்கும் வெப்பம் உள்ளேயே நிற்கும். வெந்த காய்களைச் செடியில் விடாமல் பறித்துவிடுங்கள்.

கேள்வி: தக்காளி பந்தல் போல வளர்ந்து நிற்குது, பூவும் கொத்துக் கொத்தாக வருது, ஆனால் காம்பு மஞ்சளாகி உதிருது. பக்கத்துக் காணிக்காரர் கக்க அரும்பு கிள்ளாததால் என்கிறார். உண்மையா? – விசுவமடு

பதில்: இலைக் கக்கத்தில் வரும் பக்க அரும்பைக் கிள்ளாதது காரணங்களில் கடைசி. முதற் காரணம் இரவு வெப்பம். தக்காளியின் மகரந்தம் இரவில் 15 முதல் 20 பாகை செல்சியசில் நன்றாக உருவாகும். இரவு 24 பாகையைத் தாண்டத் தாண்ட மகரந்தம் மலடாகிறது. பகலில் 35ஐத் தாண்டினால் பூ நின்றாலும் காய் பிடிக்காது. வன்னியில் இரவு ஓரளவு குளிர்வது மார்கழியிலிருந்து மாசி வரைதான். அந்த மூன்று மாதத்துக்குள் முதல் ஐந்தாறு பூங்கொத்து வரும்படி கணக்குப் போட வேண்டும். ஒக்டோபர் முதல் வாரம் விதை, 25 நாளில் நடுகை, டிசம்பர் நடுவில் முதற் கொத்துப் பிடிக்கும். ஏப்ரலில் பூக்கும்படி நட்டுவிட்டு மருந்துக் கடைக்கு அலைவதில் பயனில்லை.

இரண்டாவது காரணம் அசைவு. திறந்த வயலில் காற்று பூவை ஆட்டி மகரந்தத்தை உதிர்க்கும். வலைக்குள் காற்று செத்துக் கிடக்கும். காலை 9 மணிக்கும் 11 மணிக்கும் இடையில், ஒரு நாள் விட்டு ஒரு நாள், மேலே ஓடும் கம்பியைத் தடியால் தட்டிக்கொண்டு போங்கள். மழை நாளில் மகரந்தம் ஈரத்தில் ஒட்டிக்கிடக்கும், வெயில் வந்த பின் தட்டுவதுதான் பலன் தரும். மூன்றாவது யூரியா. இலை கருஞ்சுருளாக, தண்டு பெருவிரல் பருமனில் இருந்தால் நைதரசன் கூடிவிட்டது.

இனி அரும்பு விடயம். தக்காளியில் இரண்டு சாதி. ஒன்று ஓயாமல் உயர்வது. அதில் மூன்று இலைக்கு ஒரு பூங்கொத்து வரும், நுனி நிற்காது. மற்றது குட்டை, ஒன்றிரண்டு இலைக்கு ஒரு கொத்து வந்து நுனியே பூவாகி முடிந்துவிடும். உங்கள் செடியின் நான்கு கொத்துகளுக்கு இடையிலுள்ள இலையை எண்ணினால் எந்தச் சாதி என்று தெரிந்துவிடும், விதைப் பொதியைத் தேட வேண்டியதில்லை.

உயரும் சாதியில் கக்க அரும்பு 3 முதல் 5 சென்ரிமீற்றர் இருக்கும்போது காலையில் கையால் ஒடித்துவிடுங்கள். கத்தி ஒரு செடியின் வைரசை அடுத்த செடிக்குக் கொண்டுபோகும். முதற் பூங்கொத்துக்குக் கீழே வரும் அரும்புதான் எல்லாவற்றிலும் பலமானது, இரண்டு தண்டு விட விரும்பினால் அதையே விடுங்கள், செடிக்கு இடையில் 60 சென்ரிமீற்றர் கொடுத்து. மற்ற அரும்புகளைப் பங்குனிக்குப் பிறகு அடியோடு ஒடிக்காமல் இரண்டு இலை விட்டு நுனியை மட்டும் எடுங்கள். கீழ் இலை கழிப்பதும் அப்படித்தான். அறுவடையாகிக்கொண்டிருக்கும் கொத்துக்குக் கீழே உள்ளதை மட்டும், வாரத்துக்கு இரண்டு மூன்று. ஒரு செடியில் எப்போதும் பதினைந்து முழு இலைக்குக் குறையக் கூடாது.

குட்டைச் சாதியில் முதற் கொத்துக்குக் கீழே உள்ள அரும்பை மட்டும் எடுத்துவிட்டு மேலே கை வைக்காதீர்கள். அதன் காய் முழுவதும் அந்தப் பக்கக் கிளைகளில்தான். திலினா போன்ற திறந்த வயல் இனங்களைக் கூடாரத்துக்குள் நட்டு ஒற்றைத் தண்டாக ஏற்றப் பார்த்து ஏமாந்தவர்கள் அதிகம். கூடாரத்தின் செலவுக்கு உயரும் கலப்பினந்தான் கட்டுப்படியாகும்.

கேள்வி: கெக்கரி வலைக்கூடாரத்தில் போட்டோம். பூ நிறைய. பிஞ்சு பெருவிரல் அளவில் மஞ்சளாகி வாடுது. வெளியே வேலியில் தானாக முளைத்தது காய்த்துத் தள்ளுது! – ஒட்டுசுட்டான்

பதில்: வேலியில் நிற்பதற்குத் தேனீ வருகிறது, வலைக்குள் வரவில்லை. நாட்டுக் கெக்கரியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் பின்னால் சிறு பிஞ்சு ஒட்டியிருக்கும். மகரந்தம் சேராத பிஞ்சைக் கொடி தானாக உதிர்த்துவிடும்.

இந்தப் போகத்தைக் காப்பாற்ற, காலை 6 முதல் 9 மணிக்குள் அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குக் காணும். பத்து மணிக்குப் பிறகு செய்து பயனில்லை.

அடுத்த முறை கூடாரத்துக்கென்றே உள்ள, மகரந்தம் இல்லாமல் காய்க்கும் சலாது வெள்ளரி இனத்தை வாங்குங்கள். ஏறக்குறைய எல்லாமே பெண் பூ, விதையில்லாக் காய். அதற்குத் தேனீ வரவே கூடாது, வந்தால் காயின் ஒரு முனை வீங்கி வளைந்து விதை பிடிக்கும். ஆகவே இரண்டு இனத்தையும் ஒரே கூடாரத்தில் கலக்காதீர்கள்.

அதைக் கட்டும் முறை இது. 2 மீற்றர் உயரத்தில் ஒரு கம்பி. ஒரு விதைக்கு ஒரு கயிறு. நிலத்திலிருந்து முதல் 60 சென்ரிமீற்றருக்குள் வரும் பூ, பிஞ்சு, பக்கக் கிளை, பற்றுத்தந்து எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மனம் வராது, ஆனால் கீழே விடும் ஒரு பிஞ்சு மேலே வரவேண்டிய மூன்றைத் தின்றுவிடும். அதற்கு மேலே கணுவுக்கு ஒரு காய், பக்கக் கிளை வேண்டாம். கம்பிக்கு வந்ததும் நுனியைக் கிள்ளி, மேலே உள்ள இரண்டு கிளையைக் கம்பிக்கு மேலாக எறிந்து கீழே தொங்க விடுங்கள். குடை மாதிரி நிற்கும். கொடியைக் கயிற்றில் எப்போதும் ஒரே பக்கமாகச் சுற்றுங்கள். மத்தியானத்துக்குப் பிறகு சுற்றினால் கொடி தளர்ந்திருக்கும், முறியாது. காலையில் நீர் ஏறி விறைப்பாக இருக்கும்போது சுற்றப்போய் நுனியை முறிப்பதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்வது.

காய் வளைவதற்கு இனம் காரணமல்ல. ஒரு நேரம் தண்ணீர் தப்பியிருக்கும், அல்லது இலையிலோ கயிற்றிலோ பிஞ்சு முட்டியிருக்கும்.

கேள்வி: எங்கள் குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் சொட்டுக் குழாய் வெள்ளையாக அடைக்குது. புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. இரும்புச் சத்து அடித்தால் ஒரு கிழமை நல்லாயிருக்கும், பிறகும் அதே கதை. – முழங்காவில்

பதில்: இரும்பு உங்கள் கலவையில் இருக்கிறது, வேரால் எடுக்க முடியவில்லை. சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீரில் கரைந்துள்ள பைகாபனேற்று கரைசலின் பி.எச். அளவை மேலே தூக்குகிறது. 7ஐத் தாண்டினால் இரும்பு கரையாமல் வீழ்படிவாகிவிடும். குழாயை அடைக்கும் வெள்ளையும் அதே சுண்ணாம்புதான். மேலால் இரும்பு அடிப்பது இலைக்கு ஒரு வாரம், வேருக்கு ஒன்றுமில்லை.

தண்ணீரை முதலில் அமிலப்படுத்த வேண்டும். குறி 5.8 முதல் 6.2 வரை. எவ்வளவு அமிலம் என்பது கிணற்றுக்குக் கிணறு மாறும், அதனால் அடுத்த வீட்டுக்காரரின் அளவைக் கேட்டு ஊற்றாதீர்கள். 10 லீற்றர் வாளியில் உங்கள் தண்ணீரை எடுத்து, ஐதாக்கிய நைத்திரிக் அல்லது பொஸ்போரிக் அமிலத்தை 1 மில்லிலீற்றர் விட்டுக் கலக்கி, ஐந்து நிமிடம் விட்டு அளந்து, குறி வரும்வரை தொடருங்கள். வாளிக்கு 4 மில்லிலீற்றர் போனால் 1,000 லீற்றர் தாங்கிக்கு 400 மில்லிலீற்றர். கையுறை, கண்ணாடி கட்டாயம். எப்போதும் தண்ணீருக்குள் அமிலத்தை விட வேண்டும், அமிலத்துக்குள் தண்ணீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது.

உரத்தை இரண்டு தாங்கியாகக் கரைப்பவர்கள் கவனிக்க: கல்சியம் நைத்திரேற்றையும் மக்னீசியம் சல்பேற்றையும் செறிவாக ஒன்றாகக் கலந்தால் ஜிப்சமாகப் படியும். பொசுபேற்றும் கல்சியத்தோடு சேராது. ஆகவே கல்சியம் ஒரு தாங்கி, மற்றவை ஒரு தாங்கி. பொஸ்போரிக் அமிலத்தைக் கல்சியத் தாங்கிக்குள் விட்டுவிடாதீர்கள்.

அமிலத்தால் உப்புக் குறையாது. முழங்காவில், பூநகரிப் பக்கம் இதுதான் பெரிய சிக்கல். வெறும் தண்ணீரின் ஈ.சி. அளவு (கரைந்துள்ள உப்பைக் காட்டும் மின்கடத்து அளவு) சென்ரிமீற்றருக்கு 0.75 மில்லிசீமன்சுக்குள் என்றால் நல்லது. 1.5ஐத் தாண்டினால் குடைமிளகாய், வெள்ளரி இரண்டுக்கும் அப்படியே ஆகாது. மழைநீரோடு கலவுங்கள். 2.0 உள்ள கிணற்று நீரும் அதே அளவு மழைநீரும் சேர்ந்தால் ஏறக்குறைய 1.0. கூடாரக் கூரையைவிடச் சுத்தமான மழைநீர்த் தளம் வேறில்லை. 100 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 10,000 லீற்றர். 200 செடிக்கு நாளைக்கு ஒன்றரை லீற்றர் வீதம் அது ஒரு மாதத்துக்குக் காணும். ஐப்பசி, கார்த்திகை மழையைக் கூரை ஓரத்தால் மண்ணில் விட்டுவிட்டுப் பங்குனியில் உவர்நீர் பற்றிக் கடிதம் எழுதுபவர்களுக்கு எங்களால் வேறு வழி சொல்ல முடிவதில்லை.

கேள்வி: தும்புத்தூள் பையில் நட்ட நாற்று நாலாம் நாளே இலை ஓரம் கருகுது. உரம் இன்னும் போடவேயில்லை. – செட்டிகுளம்

பதில்: தும்புத்தூளில் சோடியமும் பொற்றாசியமும் ஒட்டியிருக்கும். வெறும் தண்ணீரில் கழுவினால் மேலே உள்ளதுதான் போகும். 5 கிலோ கட்டி ஒன்றுக்கு 100 கிறாம் கல்சியம் நைத்திரேற்றை 30 லீற்றர் நீரில் கரைத்து ஊற விட்டு, ஒரு நாள் கழித்து வடித்து, நல்ல நீரில் இரண்டு முறை அலசுங்கள். கல்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். கடைசியாக வடியும் நீரின் ஈ.சி. 0.5க்குக் கீழே வந்த பிறகே நடுங்கள். இப்போது நிற்கும் நாற்றுக்குப் பையின் கொள்ளளவுபோல் இரண்டு மடங்கு நீரை மெதுவாக விட்டுக் கழுவி, அடுத்த நாளிலிருந்து அல்பர்ட் கலவையை (நீரில் கரைக்கும் உரக்கலவை) 1.0 ஈ.சி. வரும் அளவில் ஐதாகத் தொடங்குங்கள். காய்ப்பருவத்தில் 2.0 வரை போகலாம். கடும் வெயில் நாளில் அதையும் 1.6க்கு இறக்குங்கள். செடி அப்போது உரத்தைவிடத் தண்ணீரைத்தான் கூடக் குடிக்கும், உப்பு பையில் தங்கிவிடும். ஊற்றும் நீரில் ஐந்தில் ஒரு பங்கு அடியால் வடிய வேண்டும்.

கேள்வி: தக்காளி காலையில் பச்சையாக நின்றது, மத்தியானம் வாடியது, மூன்றாம் நாள் செத்தது. இலை மஞ்சளாகவும் இல்லை. ஒவ்வொரு போகமும் அதே மூலையில் தொடங்குது. – அக்கராயன்

பதில்: செத்துக்கொண்டிருக்கும் செடியின் தண்டை நிலமட்டத்தில் அறுத்து, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் வெட்டு முகம் நீரில் தொட நிறுத்துங்கள். சில நிமிடத்தில் வெட்டிலிருந்து பால் நூல் போல இறங்கினால் பற்றீரியா வாடல். அந்த மண்ணில் பல ஆண்டு இருக்கும், மருந்தால் போகாது. கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கும் அதற்கு இரைதான்.

மண்ணில் நடுவதை விட்டுப் பைக்கு மாறுவது பாதி வழி. ஆனால் பையின் அடித்துளையால் வேர் மண்ணுக்குள் இறங்கினால் பயனில்லை. நிலத்தைக் கறுப்புப் பொலித்தீனால் மூடி, பையைக் கல்லின் மேல் தூக்கி வையுங்கள். அந்த மூலை பள்ளமாக இருக்கக்கூடும், மழைநீர் அதற்குள் வழிகிறதா என்று பாருங்கள்.

மற்ற வழி ஒட்டு. கத்தரி வேரில் தக்காளி. தாய்வானிலுள்ள உலகக் காய்கறி மையம் இதற்கென்று பரிந்துரைத்த கத்தரி இனம் ஈ.ஜி. 203. வாடலையும் வெள்ளத்தையும் தாங்கும், மார்கழி மழையில் இரண்டாவதும் பெரிய விடயம். நம் சுண்டங்கத்தரியும் நல்ல வேர்க்கட்டைதான், ஆனால் அதன் விதை முளைக்க இரண்டு வாரமும் எடுக்கும், ஒரு மாதமும் எடுக்கும், முன்கூட்டியே போட வேண்டும். ஈ.ஜி. 203ஐத் தக்காளிக்கு மூன்று நாள் முன்னால் போட்டால் சரி.

இரண்டு தண்டும் 2 மில்லிமீற்றர் அளவில் ஒரே பருமன் ஆனதும் சவர அலகால் இரண்டையும் ஒரே சாய்வில் வெட்டி, சிறு இறப்பர்க் குழாயில் முகத்துக்கு முகம் பொருந்தச் செருகுங்கள். நடுவில் காற்றிடைவெளி இருந்தால் ஒட்டாது. வேலை முழுவதும் மாலையில், நிழலில். ஒட்டியவற்றை உடனே பொலித்தீன் மூடிய, உட்பக்கம் நீர் தெளித்த, இருண்ட சிறு பந்தலுக்குள் வைத்து மூன்று நாள் திறக்காதீர்கள். நாலாம் நாளிலிருந்து சிறிது சிறிதாக வெளிச்சமும் காற்றும், ஏழாம் நாள் வெளியே. இந்த ஏழு நாளில் அவசரப்படுபவர்களிடந்தான் ஒட்டு சாகிறது. நடும்போது ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். புதைத்தால் தக்காளி தன் வேரை விட்டு அந்த வழியே நோயை வாங்கிக்கொள்ளும். கத்தரித் தளிர் அடியில் வந்தால் உடனே ஒடியுங்கள்.

கேள்வி: கூடாரம் எவ்வளவு உயரம் வேண்டும்? எத்தனை கண் வலை நல்லது? – நெடுங்கேணி

பதில்: பக்கம் 3 மீற்றர், முகடு 4.5 மீற்றர். அதற்குக் கீழே இறங்க வேண்டாம். சூடான காற்று செடிக்கு மேலே போய் நிற்க இடம் வேண்டும். அகலம் 6 மீற்றர் போதும், நீளத்தைக் கூட்டுங்கள், நீளப் பக்கம் சோளகத்துக்குக் குறுக்கே இருக்கட்டும். நான்கு பக்கமும் வலை மட்டும். பக்கத்துக்குப் பொலித்தீன் அடிப்பது மலைநாட்டுக் குளிருக்கு. கூரைக்கு 200 மைக்ரோன், புறஊதாக்கதிர் தாங்கும் பொலித்தீன். முகட்டில் நீளத்துக்கும் ஒரு திறப்பு விட்டு அதற்கும் வலை.

50 கண் வலை (அங்குலத்துக்கு 50 கண்) வெள்ளை ஈயை மறிக்கும். பனிப்பூச்சி (திரிப்ஸ்) அதற்குள்ளாலும் நுழையும், அதை மறிக்கும் வலை காற்றையும் மறிக்கும். வன்னியில் 50ஐத் தாண்டாதீர்கள். வலையைவிடக் கதவுதான் ஓட்டை. ஒரு மீற்றர் இடைவெளியில் இரண்டு கதவு வைத்து, ஒன்றை மூடிய பின்னரே மற்றதைத் திறவுங்கள். சோளகக் காலத்துச் செம்புழுதி வலைக் கண்ணை அடைக்கும், மாதம் ஒருமுறை நீரடித்துக் கழுவுங்கள்.

கம்பத்தின் அடி 75 சென்ரிமீற்றர் கொங்கிரீற்றில் இருக்க வேண்டும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் நடுவில் கரையேறியது. வன்னிக்குப் புயல் வராது என்று யாரும் கட்ட வேண்டாம். எச்சரிக்கை வந்தால் கூரைப் பொலித்தீனைக் கழற்றுங்கள், நேரமில்லையென்றால் வெட்டிவிடுங்கள். பொலித்தீன் போனால் பொலித்தீன் மட்டுந்தான், விடாமல் வைத்திருந்தால் சட்டமும் அதோடு பறக்கும்.

கேள்வி: மிளகாய் இலை சுருளுது. மேலே சுருள்வதும் கீழே சுருள்வதும் ஒன்றா? நுனி கிள்ளினால் சரிவருமா? – வட்டக்கச்சி

பதில்: ஒன்றல்ல. ஓரம் மேலே வள்ளம் போல மடிந்தால் பனிப்பூச்சி. கீழே மடிந்து, இலை ஒடுங்கிக் காம்பு நீண்டால் சிற்றுண்ணி. இலை சிறுத்து, நரம்பு தடித்து, நுனி கொத்தாகக் குறுகினால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரசு. அந்தச் செடியைப் பையில் கட்டிப் பிடுங்கி எரியுங்கள், கிள்ளிப் பிழைக்காது.

சிற்றுண்ணிக்கு நனையும் கந்தகம், பொதியில் உள்ள அளவில், மாலையில் மட்டும், இலையின் அடிப்பக்கத்தில். 32 பாகைக்கு மேல் அடித்தால் கந்தகமே இலையைச் சுடும். பனிப்பூச்சிக்கு லீற்றருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய், 1 மில்லிலீற்றர் சவர்க்காரக் கரைசலோடு, ஐந்து நாளுக்கு ஒருமுறை மூன்று தடவை. நீல ஒட்டட்டை பனிப்பூச்சிக்கு, மஞ்சள் வெள்ளை ஈக்கு. இரண்டையும் செடி நுனி மட்டத்தில் கட்டி, ஏற ஏற உயர்த்துங்கள்.

எம்.ஐ.-2, கே.ஏ.-2 போன்றவை தாமே கிளைக்கும், நுனி கிள்ள வேண்டாம். (எம்.ஐ. என்பது மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தின் பெயர்ச் சுருக்கம்.) ஒற்றையாக உயர்ந்து போகும் கலப்பினத்தை மட்டும் எட்டுப் பத்து இலையில் கிள்ளலாம். முதற் பறிப்பு ஓரிரு வாரம் பிந்தும், பிறகு கிளை கூடும்.

கேள்வி: ஒரே கூடாரத்தில் பாதி வெள்ளரி, பாதி குடைமிளகாய் போடலாமா? – மாங்குளம்

பதில்: வேண்டாம். வெள்ளரி ஈரக் காற்றும் அடிக்கடி நீரும் கேட்கும், குடைமிளகாய் அந்த ஈரத்தில் சாம்பல் நோய் வாங்கும். ஒன்றுக்கு அடிக்கும் மருந்தின் காத்திருப்பு நாள் (மருந்தடித்த பின் பறிக்காமல் விடவேண்டிய நாள்) மற்றதன் பறிப்பு நாளோடு மோதும். வெள்ளரியோ ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டிய பயிர்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் எல்.ஈ.டி. விளக்குக் கட்டினால் விளைச்சல் இரட்டிப்பாகும் என்கிறார். கட்டட்டுமா? – ஓமந்தை

பதில்: அவர் இருக்கும் நாட்டில் மார்கழியில் எட்டு மணி நேரப் பகல். ஓமந்தையில் ஆண்டின் மிகக் குறுகிய பகலே பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல். உங்களுக்குக் குறைவாக இருப்பது வெளிச்சமல்ல, குளிர்ச்சி. விளக்குக்கான காசை நிழல்வலைக்கும் மழைநீர்த் தாங்கிக்கும் போடுங்கள்.

ஓர் இடத்தில் மட்டும் விளக்கு உதவும்: கார்த்திகை மழை இருட்டில், வீட்டுக்குள் நாற்றுத் தட்டுக்கு. தட்டுக்கு மேலே 20 முதல் 30 சென்ரிமீற்றரில் வெள்ளை எல்.ஈ.டி. குழாய், நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம். நாற்று நெடுத்து மெலிந்தால் விளக்கை இறக்குங்கள், இலை நுனி வெளுத்தால் உயர்த்துங்கள். இரவு முழுவதும் எரிய விடாதீர்கள். தக்காளி நாற்றுக்கு இருட்டு வேண்டும், இருபத்து நான்கு மணி நேரமும் வெளிச்சம் பட்டால் இலை மஞ்சளாகும். வெளியே நடுவதற்கு முன் ஐந்து நாள், முதல் நாள் ஒரு மணி நேரம் என்று தொடங்கி, காலை வெயிலுக்குப் பழக்கியெடுங்கள்.